மாஸ்க்கை இறுக்க முன்னம் ஹோஸைக் கட்டுங்கள்: சிபாப் மெஷினோடு தூங்கப் பழகுவதற்கான முழுமையான வழிகாட்டி

தூக்கத்தில் மூச்சு அடைபட்டு அடைபட்டு வருகிறது என்று சோதனையில் தெரிந்து, டொக்டர் சிபாப் (தூங்கும்போது ஹோஸ், மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு ஊதி மூச்சுப் பாதையைத் திறந்து வைத்திருக்கும் மெஷின்) எழுதித் தந்து, மெஷினும் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி அதை மாட்டிக்கொண்டு விடியும்வரை தூங்க வேண்டும். அதற்கான வழிதான் இது.

மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து கல்முனை வரை தெரிந்தவர்களின் வீடுகளுக்கு இதைப் பூட்டிக்கொடுக்கப் போனால், அனேகமாக ஒரே காட்சிதான். மெஷின் ஒரு மூலையில் தரையில் கிடக்கும். ஹோஸ் கட்டில் விளிம்பால் தொங்கும். ஆள் மட்டும் கட்டிலில் இருந்தபடி மாஸ்க் பட்டியை முகம் சிவக்க இறுக்கிக்கொண்டிருப்பார். காற்று ஒழுகுகிறது, அதனால் இன்னும் இறுக்குகிறார். இறுக்க இறுக்க இன்னும் ஒழுகுகிறது. கடைசியில் "மூச்சு முட்டுதுகா, கழட்டி வை" என்று மெஷின் அலுமாரிக்குள் போய்விடும்.

மாஸ்க்கில் பிழை இருப்பது குறைவு. ஹோஸின் பாரம் மாஸ்க்கை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தால் எந்த மாஸ்க்கும் முகத்தில் நில்லாது. ஆகவே முதலில் மெஷினுக்கு இடம், பிறகு ஹோஸ், அதன்பிறகு முகம், கடைசியில்தான் பட்டி. கீழே உள்ளதும் அந்த ஒழுங்கில்தான் இருக்கிறது. இடையில் ஒன்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. தொடங்க முன்னம் கையில் இருக்க வேண்டியவை

மெஷின், ஹோஸ், ஃபில்டர் மூன்றும் பெட்டியிலேயே வரும். மாஸ்க் அனேகமாகத் தனியாக வாங்குவது. இவற்றோடு இரண்டு முழ நீளமான அகலத் துணிப்பட்டி, சுவரில் அடிக்க ஓர் ஆணி அல்லது கொக்கி, கட்டிலைவிடப் பதிவான ஸ்டூல் ஒன்று, குழந்தைகளுக்குப் போடும் மென்மையான சவர்க்காரம், காய்ச்சி வடித்த நீர் என்பவற்றையும் எடுத்து வையுங்கள். துணிப்பட்டிக்குப் பழைய பருத்திச் சேலையின் கரை நன்றாக உதவும்.

காய்ச்சி வடித்த நீர், ஊதும் காற்றை ஈரமாக்க மெஷினிலுள்ள தண்ணித் தட்டில் ஊற்றுவதற்கு. அதைப் பாமசியில் கேட்டு வாங்குங்கள். கராஜில் பற்றரிக்கு ஊற்ற விற்கும் தண்ணீர் வேண்டாம். அது மூச்சோடு உள்ளே போவதற்கென்று அடைத்த தண்ணீரல்ல. பற்றரி அசிட்டும் அதே மாதிரிக் கேன்களில்தான் பக்கத்தில் நிற்கும். கிணற்றுத் தண்ணீரும் ஆகாது. வாவிக் கரையோரக் கிணறுகளின் உவர் ஒரு கிழமைக்குள் தண்ணித் தட்டில் வெள்ளையாகப் படிந்துவிடும்.

டொக்டர் எழுதிய அழுத்தம் எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். இந்த மெஷின்கள் பொதுவாக 4 முதல் 20 சென்ரிமீற்றர் நீர் அழுத்தம் வரை வேலை செய்யும். உங்களுக்கு எத்தனை என்பது சோதனையைப் பார்த்து டொக்டர் சொல்வது. பக்கத்து வீட்டுக்காரருக்கு 12 என்றால் உங்களுக்கும் 12 அல்ல.

கனடாவிலோ சுவிஸிலோ இருக்கும் சொந்தக்காரர் பாவித்த மெஷினைப் பார்சலில் அனுப்பியிருந்தால், இன்னும் நாலு விஷயம் பார்க்க வேண்டும். பழைய ஆளின் அழுத்தம் அப்படியே பதிந்திருக்கும். கிளினிக்கில் கொடுத்து உங்களுக்குரியதாக மாற்றாமல் போடக்கூடாது. மாஸ்க், ஹோஸ், ஃபில்டர் மூன்றும் புதிதாகவே வேண்டும். அடப்டரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று வாசியுங்கள். இருந்தால் நமது 230 வோல்ட்டுக்குப் பயமில்லை, பிளக் மாற்றினால் போதும். நாலாவது, 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன்னுடைய முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் உட்படப் பல மெஷின்களைத் திருப்பி அழைத்தது. உள்ளே சத்தம் குறைக்க வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து, அதன் துகளும் வாயுவும் மூச்சுப் பாதைக்குள் போகலாம் என்பதே காரணம். வெளிநாட்டில் "சும்மா கிடந்த" மெஷின் ஏன் சும்மா கிடந்தது என்று கேட்பதில் வெட்கமில்லை.

2. மாஸ்க்கின் வகை, அதிலுள்ள காந்தம்

மூக்கை மட்டும் மூடுவது, மூக்குத் துவாரத்தில் சிறு மெத்தைகளாகப் பொருந்துவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது என மாஸ்க் மூன்று வகை. வாயால் மூச்சு விடுகிறவருக்கு மூன்றாவது பொருந்தும். தாடி வைத்தவருக்கு முகத்தை மூடும் வகைகள் ஒழுகும். தாடி மயிரின் மேல் சிலிக்கன் ஒட்டி நிற்காது. அவர்களுக்கு மூக்குத் துவார வகையை முதலில் போட்டுப் பார்க்கச் சொல்வேன். தாடியை எடுக்கச் சொல்லும் பேச்சுக்கு இடமில்லை.

அளவும் கவனம். ஒரு கம்பனியின் நடுத்தர அளவு மற்றக் கம்பனியின் நடுத்தர அளவு அல்ல. பழைய மாஸ்க் நடுத்தரம் என்பதற்காகப் புதியதையும் அப்படியே கேட்காதீர்கள். அளவுத் தாளை முகத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

சில மாஸ்க்குகளின் பட்டிக் கொளுவியில் காந்தம் இருக்கிறது. சட்டென்று ஒட்டும், வசதிதான். ஆனால் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர், மூளை இரத்தக் குழாயில் கிளிப் போட்டவர், கண்ணில் உலோகத் துண்டு உள்ளவர் ஆகியோருக்கு அது ஆபத்து. கூடப் படுக்கிறவருக்கு அப்படி இருந்தாலும் இதே கதைதான். காந்தம் அவற்றிலிருந்து குறைந்தது 15 சென்ரிமீற்றர் தள்ளியிருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர்களின் எச்சரிக்கை. யுத்த காலத்து ஷெல் துண்டோடு இன்றும் நடமாடுகிறவர்கள் நம் பக்கத்தில் கொஞ்சப் பேரல்ல. தலையிலோ முகத்திலோ துண்டு இருந்தால் அதை டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லி, காந்தமில்லாத மாஸ்க்காகக் கேளுங்கள். "அது எப்பவோ ஆறின காயம்" என்று பேசாமல் விடுகிறவர்களைக் கண்டிருப்பதால் இதைச் சொல்கிறேன்.

3. மெஷினை வைக்கும் இடம்

மெஷின் தலையின் மட்டத்தைவிடப் பதிவாக, ஆனால் தரையில் படாமல் இருக்க வேண்டும். பதிவாக இருந்தால் ஹோஸுக்குள் நீர் கட்டினாலும் அதில் பெரும்பகுதி மெஷின் பக்கம் வழிந்து போகும், முகத்துக்கு வருவது குறையும். தரையில் வைத்தால் தூசும் எறும்பும் உள்ளே போகும். மாரியில் வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் முதலில் நனைவதும் அதுதான்.

கட்டிலுக்குப் பக்கத்தில் சிறு ஸ்டூல் போதும். காற்று இழுக்கும் பக்கம் சுவரோடு ஒட்டக்கூடாது, திரைச்சீலையோ வலையோ அதை மூடக்கூடாது. பாயில் படுக்கிறவர் ஒரு பலகைத் துண்டின் மேல் வைக்கலாம். ஆனால் தலைக்கும் மெஷினுக்கும் மட்டம் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதால், 8ஆவது பகுதியில் வரும் ஈரப்பதன் விஷயத்தில் கூடுதல் கவனம் எடுங்கள்.

நுளம்புச் சுருளையும் சாம்பிராணியையும் அந்த அறையில் கொளுத்தாதீர்கள். மெஷின் அறைக் காற்றைத்தான் இழுத்து உங்களுக்கு ஊதுகிறது. ஃபில்டர் தூசைப் பிடிக்கும், புகையை முழுக்கப் பிடிக்காது.

பிளக்கை நேரே சுவர்ச் சொக்கெட்டில் கொளுவுங்கள். ஃபோன் சார்ஜர், ரிவி, பேன் எல்லாம் தொங்கும் மல்ரி பிளக்கில் கொளுவினால் யாராவது ஒருவர் இருட்டில் தடவிப் பிடுங்குவார்.

4. ஹோஸைக் கட்டுதல்

எல்லாரும் அவசரமாகத் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். கால் மணித்தியாலம் இதற்குச் செலவழியுங்கள்.

வழமையான ஹோஸ் 1.8 மீற்றர் நீளமிருக்கும். அது கட்டில் விளிம்பால் கீழே தொங்கினால் முழுப் பாரமும் மாஸ்க்கில் விழும். நீங்கள் மற்றப் பக்கம் திரும்பும்போது மாஸ்க் பழைய பக்கத்திலேயே நிற்கப் பார்க்கும். ஒழுகல் அப்படித்தான் தொடங்குகிறது.

தலைமாட்டுச் சுவரில், தலையணைக்கு நேர் மேலே, படுத்தபடி கையை நீட்டினால் எட்டும் உயரத்தில் ஒரு கொக்கி. நாலு மூலை நுளம்பு வலை கட்டுகிற வீடுகளில் தலைமாட்டில் இரண்டு ஆணி ஏற்கனவே இருக்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு கயிறு இழுத்தால் அதுவே போதும். துணிப்பட்டியை அதில் வளையமாக முடிந்து, ஹோஸை அந்த வளையத்துக்குள்ளால் விடுங்கள்.

வளையம் தளர்வாக இருக்க வேண்டும். ஹோஸ் அதற்குள் முன்னும் பின்னும் வழுக்கி ஓட வேண்டும். றப்பர் பாண்ட் போட்டு இறுக்கிக் கட்டுவது இங்கே அதிகம் காணும் பிழை. அப்படிக் கட்டினால் ஹோஸும் நசியும், புரளும்போது கிடைக்க வேண்டிய நீளமும் கிடைக்காது.

இனிச் சோதனை. மாஸ்க்கை முகத்தில் போட்டு, மெஷினைப் போடாமல் படுங்கள். முழுக்க இடப்பக்கம் கிறுகுங்கள், பிறகு வலப்பக்கம், பிறகு எழும்பி இருங்கள். இந்த மூன்று நிலையிலும் வளையத்துக்கும் மாஸ்க்குக்கும் இடையில் ஹோஸ் கொஞ்சம் வளைந்து நிற்க வேண்டும். எங்காவது விறைத்து நின்றால் இன்னும் ஒரு சாண் விடுங்கள். கழுத்தில் சுற்றுமளவுக்குத் தொங்கினால் மெஷின் பக்கம் இழுத்துக் குறையுங்கள். சோதனை இரண்டு மூன்று நிமிடந்தான். முடிந்ததும் மாஸ்க்கைக் கழற்றிவிடுங்கள், மெஷின் ஓடாத மாஸ்க்கை நேரம் கணக்காகப் போட்டிருக்கக்கூடாது.

கொக்கி அளவுக்கு மேல் உயரத்தில் இருந்தால் ஹோஸ் மாஸ்க்கைக் கண் பக்கம் தூக்கும். காலையில் கண் சிவந்து எரிந்தால் பட்டியைத் தொட முன்னம் கொக்கியின் உயரத்தைப் பாருங்கள்.

உச்சந்தலையில் ஹோஸ் பூட்டும் மாஸ்க்குகளும் உண்டு. இரவெல்லாம் புரளுகிறவருக்கு அவை சுகம். அவற்றுக்கும் இந்த வளையம் வேண்டும். இல்லாவிட்டால் தலைப்பட்டி பின்னால் சரியும்.

ஹோஸ் நீளம் போதாதென்று இரண்டை ஒட்டி நீட்டாதீர்கள். நீளம் கூடினால் அழுத்தம் சரியாகப் போய்ச் சேராது, உள்ளே நீரும் கூடக் கட்டும். ஸ்டூலைக் கிட்ட இழுத்து வைப்பதே தீர்வு. 22 மில்லிமீற்றர் ஹோஸை மாற்றி 15 மில்லிமீற்றர் மெல்லிய ஹோஸ் போட்டால் மெஷினின் செட்டிங்கிலும் ஹோஸ் வகையை மாற்ற வேண்டும். அழுத்தத்தை அது அந்தக் கணக்கில்தான் சரிசெய்கிறது.

5. நுளம்பு வலையும் ஹோஸும்

மெஷினை வலைக்கு வெளியே வைத்தால் ஹோஸ் உள்ளே வரும் இடத்தில் வலை தூக்கி நிற்கும். நுளம்புக்கு அது வாசல். டெங்கு உள்ள ஊரில் இதைச் சின்ன விஷயமாக விட ஏலாது.

வலை பெரிதென்றால் ஸ்டூலோடு மெஷினையும் வலைக்குள் எடுத்துவிடுங்கள். வலை சிறிதென்றால் ஹோஸைக் கட்டில் சட்டத்தோடு பதித்து உள்ளே எடுத்து, அந்த இடத்தில் வலை விளிம்பை ஹோஸைச் சுற்றி மடித்து இரண்டு உடுப்புக் கிளிப்பால் பிடியுங்கள். பிறகு உள்ளே அது மேலே வளையத்துக்கு ஏறட்டும். வலைத் துணியில் ஓட்டை வெட்டி ஹோஸை நுழைப்பவர்களும் இருக்கிறார்கள். கழுவ எடுக்கும்போதெல்லாம் அந்த ஓட்டை பெருக்கும்.

6. முகத்தைத் தயார் செய்தல்

படுக்க முன்னம் முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். தேங்காய் எண்ணெய், பவுடர், கிரீம் எது இருந்தாலும் சிலிக்கன் வழுக்கும். எண்ணெய் சிலிக்கனைக் கெதியாகப் பழுதாக்கவும் செய்யும். இரவில் தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கமுள்ளவர் அதைக் காலைக்கு மாற்றுங்கள், பட்டி பின்னந்தலையில் நிற்கும். நெற்றித் தாங்கியுள்ள மாஸ்க் என்றால் திருநீறும் சந்தனமும் காய்ந்து உதிர்ந்து தோலை அரிக்கும், துடைத்துவிடுங்கள்.

கொண்டை வைக்கிற பெண்கள் அதைக் கழற்றித் தாழப் பின்னிக்கொள்ளட்டும். பட்டி கொண்டைக்கு மேல் போனால் நடுச்சாமத்தில் நழுவும், கீழ் போனால் கழுத்தை அறுக்கும்.

வெற்றிலை போடுகிறவர் வாயை நன்றாகக் கொப்பளிக்க வேண்டும்; காற்று ஊதும்போது பாக்குத் துகள் தொண்டைக்குப் போனால் இருமி எழும்புவீர்கள். கட்டுப்பல்லைக் கழற்றிவிட்டுத் தூங்குவதென்றால் மாஸ்க் அளவையும் பல் இல்லாமலே பாருங்கள். பல் எடுத்தால் கன்னம் உள்வாங்கும், பகலில் பொருந்திய மாஸ்க் இரவில் பொருந்தாது.

7. மாஸ்க்கைப் படுத்தபடி பொருத்துதல்

நின்றுகொண்டு கண்ணாடிக்கு முன்னால் பொருத்தாதீர்கள். படுத்ததும் கன்னத்துச் சதை பின்னால் சரியும், முகத்தின் வடிவமே மாறும். படுத்து, தலையணையில் தலை வைத்து, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொருத்த வேண்டும்.

முதலில் பட்டிகள் எல்லாவற்றையும் தளர்த்துங்கள். மாஸ்க்கை மூக்கில் வைத்துக் கையால் மெல்லப் பிடித்தபடி மெஷினைப் போடுங்கள். காற்று வந்ததும் மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரல் தூரம் முன்னால் இழுத்து, திரும்ப மெதுவாக வையுங்கள். அப்போதுதான் சிலிக்கன் மடிப்பு காற்றால் ஊதி முகத்தில் படியும். ஒழுகலைத் தடுப்பது அந்த ஊதிய மடிப்புத்தான். பட்டியின் வேலை மாஸ்க்கை இடத்தில் வைத்திருப்பது மட்டும்.

இனி பட்டி. கீழ்ப்பட்டி இரண்டையும் ஒன்றாக, ஒரே அளவில் இழுங்கள். பிறகு மேற்பட்டி இரண்டையும். பட்டிக்குக் கீழே இரண்டு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் இறுக்கம் கூடிவிட்டது. மடிப்பு நசிந்து, ஊத இடமில்லாமல், முன்னைவிட அதிகமாக ஒழுகும்.

மாஸ்க்கின் முன்புறம் சிறு துளைகள் வழியாக எப்போதும் காற்று வரும். அது ஒழுகல் அல்ல. நீங்கள் வெளிவிடும் மூச்சு போகும் வழி அது. பிளாஸ்ரரோ துணியோ வைத்து மூடினால் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பீர்கள். இதை வீட்டிலுள்ள எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். இரவில் சத்தம் கேட்டு, நல்லெண்ணத்தோடு அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

உண்மையில் விளிம்பால் ஒழுகினால், பட்டியைத் தொட முன்னம் ஒரு கையால் ஹோஸைத் தூக்கிப் பிடித்து அதன் பாரத்தை மாஸ்க்கிலிருந்து எடுங்கள். ஒழுகல் நின்றால் பிழை ஹோஸில். 4ஆவது பகுதிக்குத் திரும்பிப் போங்கள். வலப்பக்கம் ஒழுகினால் ஹோஸ் இடப்பக்கம் இழுக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். தூக்கிப் பிடித்தும் ஒழுகினால்தான் மாஸ்க்கை இழுத்து வைப்பது, பட்டி, அளவு என்று வரிசையாகப் பாருங்கள்.

சரியாகப் பொருந்திய பிறகு, பட்டி மடிந்து ஒட்டும் இடத்தில் நிற நூலால் ஒரு தையல் போடுங்கள். கழுவிவிட்டுத் திரும்பப் போடும்போது அளவு தேட வேண்டியதில்லை. தினமும் கழற்றுவதற்கு வெல்க்ரோவைப் பிரிக்காமல் பக்கக் கொளுவியை மட்டும் கழற்றுங்கள்.

8. காற்றும் ஈரமும்

முதல் இரவிலேயே முழு அழுத்தம் முகத்தில் அடித்தால் யாருக்கும் பயம் வரும். மெஷினில் ராம்ப் என்றொரு வசதி உண்டு. அதைப் போட்டால் 4 போன்ற குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, நீங்கள் வைத்த நேரத்துக்குள் மெல்ல மெல்ல ஏறும். 20 நிமிடம் வைத்துத் தொடங்கலாம். ஆனால் 4 என்பது சிலருக்குக் காற்றே போதாத மாதிரி இருக்கும். அது மூச்சு முட்டுவது போலத் தெரியும். அப்படியென்றால் ராம்ப் தொடங்கும் அழுத்தத்தை எவ்வளவுக்குக் கூட்டலாம் என்று கிளினிக்கில் கேளுங்கள். மூச்சு வெளிவிடும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும் வசதியும் பல மெஷின்களில் இருக்கிறது. அதையும் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். டொக்டர் வைத்த முதன்மை அழுத்தத்தில் மட்டும் நீங்களாகக் கை வைக்கக்கூடாது.

தண்ணித் தட்டைச் சூடாக்கிக் காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஈரப்பதன் வசதியைப் பற்றி மெஷினோடு வரும் புத்தகத்தை அப்படியே பின்பற்றினால் நம் ஊரில் பிரச்சினைதான். வாடை மாதங்களில் மட்டக்களப்புக் காற்றே ஈரத்தால் கனத்திருக்கும். அதில் மெஷினும் சூடாக்கி ஈரம் சேர்த்தால், ஏசியின் குளிரோ பேன் காற்றோ பட்டு ஹோஸுக்குள் நீராகக் கட்டும். நடுச்சாமத்தில் ஹோஸ் கொடகொடவென்று சத்தம் போட்டு, மூக்குக்குள் சொட்டுத் தண்ணீர் அடிப்பது இதனால்தான். ஈரப்பதனை ஆகக் குறைந்த எண்ணில் தொடங்குங்கள். மூக்கு வறண்டால் ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். பேனை ஹோஸுக்கு நேரே திருப்பாதீர்கள். ஏசி அறையென்றால் ஹோஸைப் போர்வைக்குள்ளால் எடுங்கள், அல்லது துணி உறை தைத்துப் போடுங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் கணக்கு மாறும். அந்த வறட்சியில் தொண்டை காயும். அப்போது ஈரப்பதனைக் கூட்டலாம். தூசும் கூடுவதால் ஃபில்டரைக் கிழமைக்கு ஒருக்கால் எடுத்துப் பாருங்கள்.

காய்ச்சி வடித்த நீர் முடிந்துபோன இரவில் கொதித்தாறிய தண்ணீரை ஓரிரு நாள் பாவிக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உவர் போகாது; அதனால் தட்டை உடனே கழுவிவிடுங்கள்.

9. பகலில் பழகுதல்

முதல் நாளே இரவு பத்து மணிக்கு மாட்டிக்கொண்டு தூங்கப் பார்ப்பது தோல்விக்கு வழி. பின்னேரத்தில் நாடகம் பார்த்துக்கொண்டு, மெஷினைப் போட்டு, மாஸ்க்கைக் கையால் முகத்தில் பிடித்தபடி ஐந்து நிமிடம் இருங்கள். அதற்கு அடுத்தபடியாகப் பட்டி மாட்டி இருபது நிமிடம். அதன்பிறகு மத்தியானத் தூக்கம். அதன்பிறகுதான் இரவு. அலுப்பான வேலைதான். ஆனால் பயம் உள்ளவருக்கு இதைவிட வேறு குறுக்கு வழியை நான் காணவில்லை. முகத்தில் ஒரு பொருள் இருப்பதை விழித்திருக்கும்போது மறக்கப் பழகினால்தான் தூக்கத்தில் கை அதைப் பிடுங்காது.

10. புரண்டு படுக்கும்போது

நம் வீடுகளின் இலவம்பஞ்சுத் தலையணை கல் மாதிரி உப்பி இருக்கும். சரிந்து படுத்தால் அது மாஸ்க்கை மேலே தள்ளும். கன்னம் தலையணையில், மாஸ்க் தலையணையின் விளிம்புக்கு வெளியே என்று கொஞ்சம் ஓரமாகப் படுங்கள். அல்லது பஞ்சில் கால்வாசியை எடுத்துத் தலையணையைத் தணியுங்கள். ஒரு துவாயைச் சுருட்டிக் கன்ன எலும்புக்குக் கீழே வைப்பதும் உதவும்.

துளைகளால் வரும் காற்று கூடப் படுப்பவரின் முகத்தில் அடித்தால் அவருக்குத் தூக்கம் போகும். நடுவில் ஒரு தலையணையை நிறுத்தி வையுங்கள்.

11. நடுச்சாமத்தில்

மலசலகூடத்துக்கு எழும்பினால் மாஸ்க்கைக் கழற்ற வேண்டாம். மாஸ்க்கோடு ஹோஸ் சேரும் பூட்டை மட்டும் கழற்றி, ஹோஸை வளையத்தில் தொங்கவிட்டு, மெஷினை நிறுத்திவிட்டுப் போங்கள். வந்ததும் திரும்பப் பூட்டினால் பொருத்தம் குலையாது. மலசலகூடம் வளவுக்குப் பின்னால் உள்ள வீடென்றால் கழற்றிவிட்டுப் போவதே நல்லது. இருட்டில் இந்தக் கோலத்தைக் கண்டு பயப்பட ஆளிருக்கும்.

நோன்பு காலத்தில் சஹருக்கு எழும்பும் வீடுகளில், சாப்பிட்டு சுபஹு தொழுத பிறகு படுக்கும் கடைசித் தூக்கத்தை மாஸ்க் இல்லாமல் விடுவார்கள். விடியப்புறத் தூக்கத்தில்தான் பலருக்கு மூச்சடைப்பு கூடுதலாக வரும். திரும்பவும் மாட்டுங்கள். சாப்பிட்ட உடனே படுத்தால் வயிற்றுக்குள் காற்று போய் ஊதும், கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் படுங்கள்.

காலையில் பார்த்தால் மாஸ்க் தலையணைக்குக் கீழே கிடக்கிறதா? தூக்கத்தில் நீங்களே கழற்றியிருக்கிறீர்கள். மனம் சோராதீர்கள். எந்நேரம் கழன்றது என்பதை மெஷினின் பதிவில் பார்க்கலாம். அந்நேரத்துக்குச் சற்று முன் ஒழுகல் கூடியிருந்தால் அதுதான் காரணம், அதைச் சரிசெய்தால் பிடுங்குவதும் நிற்கும்.

தடிமனால் மூக்கு முழுக்க அடைத்த இரவில் மூக்கு மாஸ்க் வேலை செய்யாது. உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவதென்றால் கொதித்தாறிய தண்ணீர் மட்டுமே. வாய் திறவாமல் இருக்கப் பிளாஸ்ரர் ஒட்டும் யோசனையை எங்கேயாவது பார்த்துவிட்டுத் தாமாகச் செய்யாதீர்கள். வாந்தி வந்தாலோ மூக்கு அடைத்தாலோ ஆபத்து.

12. கரண்ட் போனால்

மெஷின் நின்றதும் மாஸ்க்கைக் கழற்றுங்கள். மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்கில் வெளிக்காற்றை விடும் வால்வு இருக்கிறது, ஆனாலும் அதை நம்பித் தொடர்ந்து தூங்க வேண்டாம். தானாக விழிக்காத முதியவர் என்றால், கரண்ட் போனதும் போய்ப் பார்க்க வேண்டியது யார் என்று வீட்டில் முதலே பேசி வையுங்கள்.

பற்றரி வைப்பதென்றால் அடப்டரில் எழுதியுள்ள வோல்ட்டை முதலில் வாசியுங்கள். சில மெஷின் 12 வோல்ட், சில 24 வோல்ட். 24 வோல்ட் மெஷினை வாகனப் பற்றரியில் நேரே கொளுவ முடியாது, அதற்குரிய மாற்றி வேண்டும். பற்றரியில் ஓடும் இரவில் ஈரப்பதன் சூட்டையும் சூடாகும் ஹோஸையும் நிறுத்திவிடுங்கள். மின்சாரத்தில் பெரும்பங்கை அவைதான் குடிக்கின்றன. நிறுத்தினால் அதே பற்றரி கன நேரம் தாங்கும்.

13. காலையில் கழுவுதல்

தினமும் மாஸ்க்கின் சிலிக்கன் பகுதியை மென்சவர்க்காரத்தால் கழுவி நிழலில் உலர்த்துங்கள். முகத்து எண்ணெய் படிந்தால் அன்றிரவே ஒழுகும். தண்ணித் தட்டில் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள், பழைய தண்ணீருக்கு மேல் புதிது ஊற்றக்கூடாது.

ஹோஸும் பட்டியும் கிழமைக்கு ஒருக்கால். ஹோஸுக்குள் சவர்க்காரத் தண்ணீர் விட்டுக் குலுக்கி, நன்றாக அலசி, இரண்டு வாயும் கீழே பார்க்கக் கொடியில் போடுங்கள். டெட்டோல், குளோரின், கொதிநீர், நேர் வெயில் நான்கும் ஆகாது. மாரியில் ஹோஸ் காயாது. தண்ணித் தட்டைக் கழற்றிவிட்டு மெஷினோடு பூட்டிக் கால் மணி நேரம் காற்று ஓடவிடுங்கள். வெள்ளை ஃபில்டரைக் கழுவாதீர்கள், நிறம் மாறினால் புதிது போடுங்கள்.

பகலில் ஹோஸ் வாயைச் சுத்தமான துணியால் மூடி வையுங்கள். கரப்பானும் குட்டிப் பல்லியும் அந்த இளஞ்சூட்டைத் தேடி வரும்.

14. கிளினிக்குக்கு என்ன கொண்டு போவது

மெஷின் காட்டும் எண்களில் மூன்றைக் கவனித்தால் போதும். எத்தனை மணித்தியாலம் போட்டீர்கள், ஒழுகல் எவ்வளவு, ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை மூச்சடைப்பு. கடைசி எண் 5க்குக் கீழே வர வேண்டும் என்பதே வழமையான இலக்கு. நேரத்தில், இரவுக்கு 4 மணித்தியாலம் என்பதைக் கிளினிக்குகள் குறைந்த அளவாகப் பார்க்கும். ஆனால் தூங்கும் நேரம் முழுக்கப் போடுவதே வேண்டியது.

மூக்குப் பாலத்தில் புண், நிற்காத கண் எரிவு, ஒவ்வொரு காலையும் வயிறு ஊதுதல், மெஷின் போட்டும் விடாத காலைத் தலையிடி, வாகனம் ஓட்டும்போது தூக்கம் வருதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அடுத்த தவணை வரை காத்திருக்காதீர்கள். தூக்கம் வருகிறதென்றால் அன்று வாகனத்தையும் எடுக்காதீர்கள்.

போகும்போது மெஷினின் பதிவுகள் சேரும் மெமரி அட்டையை மட்டும் கொண்டுபோனால் போதாது. மாஸ்க்கையும் ஹோஸையும் சேர்த்து எடுங்கள், தண்ணித் தட்டை வெறுமையாக்கிவிட்டு மெஷினையும் பையில் வையுங்கள். கட்டிலையும் கொக்கியையும் ஸ்டூலையும் ஒரு படம் ஃபோனில் எடுத்துக்கொண்டு போனால், டொக்டருக்குச் சொல்ல அரை மணித்தியாலம் பிடிப்பது ஒரு பார்வையில் விளங்கும்.